கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று

நாங்கள் முதன்முதலாகப் பலாலியில் விமானம் இறக்கியது கீபோட்டால். இறக்கினோம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். முதல் தரம் ஓடுபாதைக்கு முன்னாலேயே ஒரு தோட்டக் காணிக்குள் விழுந்தோம். இரண்டாம் தரம் ஓடுபாதையைத் தாண்டிப் போனோம். மூன்றாம் தரம் மயிலிட்டிக் கடல்.

நாங்கள் மூன்று பேர். கலைப்பீடம், மூன்றாம் வருசம். ஒருத்தி வரலாறு, ஒருத்தி புவியியல், ஒருத்தி மொழியியல். திருநெல்வேலியில் ஒரு வீட்டின் பின் அறையில் வாடகைக்கு இருக்கிறோம். கனடா போன அண்ணா ஒருத்தர் விட்டுவிட்டுப் போன கேம் கொம்பியூட்டர் எப்படியோ அந்த அறைக்கு வந்து சேர்ந்தது. அதில் மைக்ரோசொஃப்ட் ஃபிளைட் சிமுலேற்றர் இருந்தது. அந்த மாதம்தான் வரலாற்றுக்காரி பலாலி விமானத்தளம் பற்றி ஒப்படை எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை அமைத்த தளம் அது. எயார் சிலோனின் முதல் பயணம் 1947 டிசெம்பர் 10 இல் இரத்மலானையில் கிளம்பி, இங்கே இறங்கி, பிறகு சென்னைக்குப் போனது. விமானம் டக்ளஸ் டிசி-3. அதே டிசி-3 சிமுலேற்றரிலும் இருந்தது. 2022 நவம்பரில் நாற்பதாவது ஆண்டுப் பதிப்போடு இலவசமாக வந்தது.

"அப்ப நாங்களே ஓட்டிப் பாப்பமே" என்று யாரோ சொன்னோம். எங்கள் மூன்று பேரில் ஒருத்தியும் அதுவரை உண்மையான விமானத்தில் ஏறியதில்லை.

கீபோட்டால் ஏன் சரிவராது என்று விளங்க எங்களுக்கு இரண்டு இரவு பிடித்தது. ஒரு விசை அழுத்தினால் உண்டு, விட்டால் இல்லை. நடுவில் ஒன்றும் கிடையாது. விமானத்துக்கு வேண்டியதெல்லாம் அந்த நடுதான். மூக்கைக் கொஞ்சம் தூக்கவேண்டும், அதையும் தூக்கியபடி பிடித்திருக்கவேண்டும், பிறகு கால்வாசி விடவேண்டும். சைக்கிள் ஹாண்டிலுக்குப் பதிலாக இரண்டு சுவிட்சைத் தந்து கே.கே.எஸ். றோட்டில் ஓடச் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது.

எனவே காசு சேர்த்தோம். மஹாபொலவில் கொஞ்சம், வகுப்பு எடுத்ததில் கொஞ்சம். "ஆட்ஸ் பக்கல்டிப் பிள்ளையளுக்கு ஏனப்பா பிளேன்?" என்று கேட்டவர்களுக்கு அப்போது எங்களிடம் பதில் இருக்கவில்லை. கடையில் நின்ற அண்ணை இன்னும் நேராகவே கேட்டார்: "தம்பிக்கோ தங்கச்சி வாங்குறியள்?"

எங்களுக்குத்தான்.

நாங்கள் செய்த முதல் பிழையைச் சொல்லிவிடுகிறோம், நீங்கள் செய்யாமல் இருக்க. எது நல்ல ஜொய்ஸ்டிக் என்று தேடத் தொடங்கினோம். அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. முதலில் கேட்கவேண்டியது, எந்த விமானத்தை ஓட்டப் போகிறோம் என்பது. ஏனென்றால் உண்மையான விமானங்களிலேயே கைப்பிடி ஒரே மாதிரி இல்லை.

எயார்பஸ் ஏ320 1988 இல் சேவைக்கு வந்தபோது விமானியின் முன்னால் இருந்த பெரிய பிடியை எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு சின்னக் குச்சியை வைத்தது. சிறீலங்கன் எயார்லைன்ஸ் ஓட்டுவதெல்லாம் எயார்பஸ் என்பதால், கட்டுநாயக்கவிலிருந்து கிளம்புகிற அந்த விமானங்களை ஓட்ட ஆசையென்றால் உங்களுக்கு ஜொய்ஸ்டிக்தான் சரி. ஒரு நுணுக்கம் இருக்கிறது. கப்டன் இடப்பக்கம் இருப்பார். குச்சி அவருடைய இடது கையில், எஞ்சின் நெம்பு வலது கையில். வலது கைக்கென்றே வளைத்துச் செய்த ஜொய்ஸ்டிக்கை இடது கையால் பிடித்தால் பெருவிரல் எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும். திரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் இரண்டு கைக்கும் பொருந்தும்படி செய்தது. அதே கட்டமைப்பில் எயார்பஸ் குச்சியின் வடிவத்தோடும் ஒன்று விற்கிறார்கள்.

போயிங், செஸ்னா, இப்போது சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிற ஏ.ரி.ஆர்., எங்கள் டிசி-3 எல்லாவற்றுக்கும் யோக். இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புகிற, தள்ளுகிற, இழுக்கிற பிடி. யோக் என்றால் ஆங்கிலத்தில் நுகத்தடி என்று மொழியியல்காரி கண்டுபிடித்துச் சொன்னாள். மாடு இல்லாத நுகத்தடிக்கு இவ்வளவு விலையா என்று மற்ற இருவரும் கேட்டோம்.

சண்டை விமானங்களுக்கு ஒரு கையில் குச்சி, மறுகையில் எஞ்சின் நெம்பு. இரண்டிலும் விரல் போகிற இடமெல்லாம் பொத்தான். ஹொட்டாஸ் என்பார்கள். இணையத்தில் "நல்ல ஜொய்ஸ்டிக்" என்று தேடினால் முதலில் வந்து நிற்பது அநேகமாக இந்த வகைதான்.

அதில்தான் அறையில் சண்டை வந்தது. எங்களில் ஒருத்திக்கு ஹொட்டாஸ் பிடித்துக்கொண்டது. விலையும் யோக்கைவிடக் குறைவு, எஞ்சின் நெம்பும் சேர்ந்தே வருகிறது, மேசையில் இடமும் பிடிக்காது. அவள் சொன்னதெல்லாம் சரி. மற்றவள் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சுட்டுவிரல் வைக்கிற இடத்தில் இருந்த சிவப்பு டிரிகரைக் காட்டினாள். "இதைப் பிடிச்சுக்கொண்டு எங்கட வானத்தில பறக்கப் போறியோ?"

பகிடிக்குத்தான் கேட்டாள். ஆனால் பிறகு கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. எங்கள் வீடுகளில் விமானங்களுக்குப் பெயர் இருந்தது. சகடை, பொம்மர், கிபிர், வண்டு. எங்களுக்கு அந்தப் பெயர்கள் அம்மாக்கள் சொன்ன கதைகளாகவும், வாய் திறந்து பேசத் தெரியாத வயதில் கேட்டதாகச் சொல்லப்படுகிற சத்தமாகவும்தான் தெரியும். அந்தக் குச்சியைப் பிடித்த கைகளை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. மேலேயிருந்து பார்த்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்று நாங்கள் ஒருவருக்கொருவர் கேட்டதும் இல்லை.

கடைசியில் காசுதான் தீர்ப்புச் சொன்னது. பாவித்த ஒரு சாதாரண ஜொய்ஸ்டிக் வாங்கினோம். அதிலும் டிரிகர் இருந்தது. டிரிகர் இல்லாத ஜொய்ஸ்டிக் தேடிப் பிடிப்பது கஷ்டம் என்பதையும் அப்போதுதான் அறிந்துகொண்டோம்.

இரண்டாவது பிழை, அதைப் பரிசோதிக்காமல் வாங்கியது. கை வைக்காமலே விமானத்தின் மூக்கு நடுங்கியது. நேராகப் பறந்துகொண்டிருக்கும், திடீரென்று ஒரு குத்து, திரும்ப நேராகும். காரணம் எளிமையானது. மலிவான ஜொய்ஸ்டிக்குகளில் குச்சி எங்கே நிற்கிறது என்று அளக்க, ஒரு தடத்தின் மேல் உரசி ஓடுகிற சின்ன உலோக நாக்கு இருக்கும். பழைய ரேடியோவின் வொல்யூம் குமிழில் இருப்பதும் இதுதான். குமிழ் தேய்ந்தால் கரகரவென்று சத்தம் வரும் அல்லவா? அதே கரகரப்பு இங்கே விமானத்தின் நடுக்கமாக வருகிறது. இன்னொரு வகை காந்தத்தால் அளப்பது. ஹோல் சென்சர் என்பார்கள். அதில் ஒன்றோடொன்று உரசுவதில்லை, ஆகவே தேய்மானமும் அப்படி இல்லை. மேலே சொன்ன டி.16000எம்மின் குச்சியில் இருப்பது இந்த வகை. பாவித்தது வாங்குவதென்றால் காந்த வகையைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கடையிலேயே ஒரு கொம்பியூட்டரில் செருகச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே கேம் கொன்ட்ரோலரைச் சோதிக்கிற பக்கம் உண்டு. ஒரு சதுரத்துக்குள் சின்னக் குறி ஒன்று தெரியும். கையை எடுத்தால் அது நடுவில் அசையாமல் நிற்கவேண்டும். மெதுவாகச் சாய்த்தால் குதிக்காமல் ஊர்ந்து போகவேண்டும். இந்த இரண்டையும் பார்க்க ஒரு நிமிடம் போதும். நாங்கள் வெட்கத்தில் கேட்கவில்லை.

நடுப்பகுதியில் கொஞ்சத்தைச் செத்த இடமாக விட்டு, அதாவது சின்ன அசைவைக் கணக்கெடுக்காதே என்று சிமுலேற்றரில் சொல்லி, நடுக்கத்தைக் கொஞ்சம் குறைத்தோம். ஆனால் செத்த இடம் கூடக் கூட, கைக்கு வேண்டிய அந்த நுணுக்கமான நடுவும் செத்துப்போகும். கீபோட்டுக்குத் திரும்பிப் போகிற பாதை அது.

யோக்கையும் சும்மா விடவில்லை. தெரிந்த அக்கா ஒருவரின் உறவினரிடம் ஒன்று இருந்தது. ஒரு கிழமைக்கு இரவல் வாங்கினோம். டிசி-3 யோக்கோடு வேறு விமானமாகிவிட்டது, அதை மறைக்க மாட்டோம். இரண்டு கையாலும் இழுத்தால் அந்தப் பாரமான உடம்பு ஒரு மூச்சு தாமதித்துப் பதில் சொல்வது தோளில் தெரிந்தது. ஆனால் யோக்கை மேசை விளிம்பில் இறுக்கிப் பூட்டவேண்டும். எங்கள் மேசையின் விளிம்புக்குக் கீழே ஒரு குறுக்குச் சட்டம், பூட்டு ஏறவில்லை. பலகை ஒன்றை வைத்துக் கட்டினோம். யோக்கின் தண்டு நெஞ்சை நோக்கி வெளியே வரும், ஆகவே கதிரை பின்னால் போகவேண்டும், பின்னால் கட்டில். கீபோட் கட்டிலில், ஒப்படைப் புத்தகங்கள் நிலத்தில். வாங்குகிறவர்கள் விலையைப் பார்க்க முன் மேசையை அளந்து பாருங்கள். யோக் எவ்வளவு சுழலும் என்பதையும் பாருங்கள். ஹனிகோம் அல்பா ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 180 பாகை சுழலும். அதில் பாதியோடு நின்றுவிடுகிற யோக்குகளும் இருக்கின்றன. சுழற்சி குறைந்தால் சின்னக் கை அசைவுக்கே விமானம் பெரிதாகச் சாயும்.

யோக்கைத் திருப்பிக் கொடுத்தோம். மிஞ்சியிருந்த காசுக்கு நாங்கள் வாங்கியது ஒருத்தரும் ஆசைப்படாத சாமான், பெடல். அதுவும் பாவித்ததுதான், இந்தத் தரம் வெட்கப்படாமல் சோதித்து.

பெடல் எதற்கென்று எங்களுக்கே முதலில் தெரியாது. கார் மாதிரி வேகத்துக்கு என்று நினைத்தோம். இல்லை. விமானத்தின் வாலில் நிமிர்ந்து நிற்கிற சுக்கானைத் திருப்புவது பெடல். தோணிக்கு இருக்கிற அதே சுக்கான். விமானத்தை வலப்பக்கம் சாய்த்தால் இடது செட்டையின் பின்விளிம்பு கீழே இறங்கும். அந்தச் செட்டை கூடத் தூக்கும், கூடக் காற்றையும் தடுக்கும். அதனால் வலப்பக்கம் திரும்பவேண்டிய மூக்கு முதலில் இடப்பக்கம் இழுபடும். அதைச் சரிசெய்ய வலது கால் வேண்டும். இவ்வளவு நாளும் இது ஏன் எங்களுக்குத் தெரியவில்லை? சிமுலேற்றரில் சுக்கானைத் தானே பார்த்துக்கொள்கிற உதவி ஒன்று இருக்கிறது. அது போட்டபடி கிடந்தது. நாங்கள்தான் திருப்புகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், பாதி வேலையைக் கேம் செய்துகொண்டிருந்தது.

உதவியை நிறுத்திவிட்டு டிசி-3ஐ ஓடவிட்ட அன்றைக்குத்தான் பயம் வந்தது. அதன் பெரிய சில்லு இரண்டும் முன்னால், சின்னது வாலில். பாரத்தின் நடு, பெரிய சில்லுகளுக்குப் பின்னால் இருக்கிறது. கொஞ்சம் கோணினால் போதும், வால் முன்னுக்கு வரப் பார்க்கும், விமானம் ஓடுபாதையிலேயே சுழன்றுவிடும். நிலத்தில் நிற்கும்போது மூக்கு மேலே பார்ப்பதால் முன்னால் பாதையும் தெரியாது. இரண்டு கண்ணையும் ஓரத்தில் வைத்துக்கொண்டு காலால் தட்டித் தட்டித்தான் நேராக்க வேண்டும். பிடியைச் சுற்றித் திருகினால் சுக்கான் திரும்புகிற ஜொய்ஸ்டிக்குகள் உண்டு. லொஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோவில் அந்த வசதி இருக்கிறது, தொடங்குகிறவர்களுக்கு அது போதும். ஆனால் பதற்றத்தில் திருகும்போது கை தன்னையறியாமல் பக்கத்துக்கும் சாயும். சுக்கான் கேட்டால் சரிவும் சேர்ந்து வரும். கால் அப்படிக் குழம்பாது.

பெடலில் பார்க்கவேண்டியது இரண்டு. ஒன்று, கால் நுனியால் அழுத்தினால் இடது சில்லுக்கும் வலது சில்லுக்கும் தனித்தனியே பிறேக் பிடிக்கிற வசதி. தரையில் ஓடும்போது திருப்ப உதவும். மற்றது, பெடல் கட்டையின் பாரமும் அகலமும். எங்களுடைய வழுவழுத்த சீமெந்துத் தரை. வலது காலை அழுத்தினால் பெடல் முன்னால் போகும், சில்லுக் கதிரை பின்னால் போகும், விமானம் மட்டும் திரும்பாது. பெடலைச் சுவரோடு முட்டக்கொடுத்து ஒரு பலகை வைத்தோம். கதிரைச் சில்லுகளைப் பழைய பாட்டாச் செருப்புகளுக்குள் இறக்கிவிட்டோம். சிமுலேற்றர் சாமான்களில் நாங்கள் செய்த ஆகத் திறமான முதலீடு அந்தச் செருப்புகள்தான்.

பலாலி ஓடுபாதையின் இலக்கங்கள் 05, 23. ஒரு முனையில் 50 பாகையையும் மறுமுனையில் 230 பாகையையும் பார்த்து இறங்கலாம் என்று அர்த்தம். அதாவது வடகிழக்கும் தென்மேற்கும். புவியியல்காரி அன்று துள்ளியே விட்டாள். "எடியே, வாடையும் சோளகமும்!" விமானம் காற்றை எதிர்த்து இறங்குவதுதான் நல்லது, அதனால் ஓடுபாதைகளை அதிகம் வீசுகிற காற்றின் திசையில் அமைப்பது வழக்கம். எங்கள் அப்பப்பாக்கள் தோணி விடப் பார்த்த அதே காற்றுகள். கொண்டல் பக்கவாட்டில் அடிக்கிற நாளை சிமுலேற்றரில் வைத்து இறக்கிப் பாருங்கள், பெடல் எதற்கென்று காலே சொல்லித் தரும்.

இனி அம்மாவின் கதை.

எங்களில் ஒருத்தியின் அம்மா விசுவமடுவிலிருந்து கிளினிக்குக்கு வந்து எங்களோடு இரண்டு நாள் தங்கினார். 1995 இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து வன்னிக்குப் போனவர். பின்னேரம் அவர் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். நாங்கள் ஸ்பீக்கரைக் கூட்டிவிட்டு, டிசி-3ஐப் பலாலிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தோம். எஞ்சினைக் குறைத்து மூக்கை இறக்கினோம். குசினிப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அவர் குசினியில் இல்லை. முற்றத்தில் நின்றார். கண்ணுக்கு மேலே கையை வைத்து, மாமரத்துக்கு மேலால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கால வருது?" என்றார்.

எங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "அம்மா, அது கொம்பியூட்டர்" என்று மகள் சொன்னாள். அவர் கையை இறக்கினார். பிறகு எங்களைப் பேசினார், ஏலுமான மட்டும் பேசினார். நாங்கள் சத்தத்தை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டிருந்தோம். படிக்க வந்த இடத்தில் செய்கிற வேலையா இது என்பதில் தொடங்கி, காசின் அருமை வரைக்கும் போனது. சொல்லவேண்டியதை மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்தது. எத்தனை மாதம் குச்சியா, நுகத்தடியா, காலா என்று வாதாடினோம். இந்தச் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் யாருடைய காதில் விழும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் இருந்த காசைப் பொறுக்கி ஒரு ஹெட்செட் வாங்கினோம். இரவு அவர் தானாகவே வந்து கட்டிலில் இருந்தார். "எங்க, காட்டுங்கோ பாப்பம்." ஹெட்செட்டை வாங்கித் தானே காதில் போட்டுக்கொண்டார். வேண்டாம் அம்மா என்றோம். கேட்கவில்லை. நாங்கள் சத்தம் இல்லாமல் ஓட்டினோம், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கொஞ்ச நேரத்தில், "இப்ப பதியுது" என்றார். ஆமாம், இறங்கத் தொடங்கியிருந்தோம். பிறகு, "கனக்கப் பதியுது, பிள்ளை." மீற்றரைப் பார்த்தோம். தேவைக்கு மிஞ்சின வேகத்தில் கீழே போய்க்கொண்டிருந்தோம். எங்கள் மூன்று பேரின் கண்ணும் காணாததை அவருடைய காது கண்டது. அந்தக் காது எங்கே படித்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

அவர் சொல்லச் சொல்ல எஞ்சினைக் கூட்டினோம், குறைத்தோம். அன்றுதான் டிசி-3 பலாலியில் முழுசாக இறங்கியது. காலால் தட்டித் தட்டி நேராக்கி, நடுக்கோட்டுக்குக் கிட்டவே நிறுத்தினோம்.

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஜொய்ஸ்டிக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். சுட்டுவிரல் தானாகவே டிரிகரில் போய் நின்றது.

"இதென்ன, சுடுறதோ?"

"இல்லை அம்மா. அது பிறேக்."

உண்மைதான். எந்தப் பொத்தான் என்ன செய்யவேண்டும் என்று சிமுலேற்றரில் நாங்களே தீர்மானிக்கலாம். பெடல் வாங்க முதல், பிறேக்குக்கு அந்த டிரிகரைத்தான் கொடுத்திருந்தோம். பெடல் வந்த பிறகும் மாற்றவில்லை.

அவர் இரண்டு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

அதற்குப் பிறகு இரத்மலானையில் கிளம்பிப் பலாலியில் இறங்கி, திரும்ப எழும்பிச் சென்னை வரைக்கும் போய்விட்டோம். ஒவ்வொரு துண்டும் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். கரையை விட்டுக் கடலுக்குள் போகும்போது இரண்டு பேர் கதிரைக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றோம், ஒருத்தி ஓட்ட.

நீங்கள் வாங்குவதென்றால் எங்கள் கணக்கு இது. கொம்பியூட்டர் பழசென்றால் ஃபிளைட்கியர் என்ற இலவச சிமுலேற்றரில் தொடங்குங்கள். எந்த விமானம் என்று முதலில் முடிவெடுங்கள். பிறகு, பிடியைத் திருகினால் சுக்கான் திரும்புகிற ஒரு ஜொய்ஸ்டிக், ஏலுமென்றால் காந்த வகை. அடுத்தது பெடல். யோக் கடைசியில், மேசையும் காசும் இருந்தால் மட்டும். எங்களிடம் இன்னும் இல்லை.

ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் ஒரு ஹெட்செட் வாங்குங்கள். பக்கத்து அறையில், பக்கத்து வீட்டில், மதிலுக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.